எஃப்-35இன் உள்ளறைக்குள் ராக்கெட் வைத்த பங்கர் பஸ்டர்: எவ்வளவு பெரிதாகச் செய்யலாம்?

#1 நீள்வட்டம்

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. பங்கர் பஸ்டர் என்றால் காங்கிரீட் அரணைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும் குண்டு. 2010-களின் முற்பகுதியில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் அதிவேகத் துளைப்பு ஆயுதம் என்ற ஒரு யோசனையைக் கையில் எடுத்தது. 2,000 பவுண்டு வகைக் குண்டு ஒன்றின் பின்னால் திட எரிபொருள் ராக்கெட்டை மாட்ட வேண்டும். தரையைத் தொடும் முன் அது வேகத்தைக் கூட்டும். 5,000 பவுண்டு குண்டு துளைக்கும் அளவுக்கு இது துளைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அது ரேடாருக்கு எளிதில் சிக்காத (ஸ்டெல்த்) போர் விமானமான எஃப்-35இன் உள்ளறைக்குள், அதாவது வயிற்றுக்குள் இருக்கும் குண்டறைக்குள், அடங்க வேண்டும்.

காரணம் எளிது. 5,000 பவுண்டு குண்டை எந்த ஸ்டெல்த் போர் விமானமும் உள்ளே வைத்துத் தூக்க முடியாது. இறக்கையில் தொங்கவிட்டால் ரேடாருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஸ்டெல்த் எதற்கு?

எனக்குத் தெரிந்த வரம்புகள்: எஃப்-35இன் ஏ, சி வகைகளில் ஒவ்வொரு உள்ளறையிலும் ஒரு 2,000 பவுண்டு குண்டும் பக்கத்தில் எதிரி விமானத்தைச் சுடும் ஒரு ஆம்ராம் ஏவுகணையும் போகும். பி வகையில் செங்குத்தாக இறங்க உதவும் தூக்குவிசிறி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் 1,000 பவுண்டோடு சரி. இன்னொரு ஸ்டெல்த் போர் விமானமான எஃப்-22இலும் 1,000 பவுண்டுதான். ஆகவே பேச்சு ஏ, சி பற்றி மட்டும்.

இந்த அறைக்குள் அப்படி ஒரு ஆயுதத்தை உண்மையிலேயே அடக்க முடியுமா? எது முதலில் இடிக்கும்? எடையா, நீளமா, விட்டமா?

#2 இரும்புக்கை

நல்ல கேள்வி. துளைப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினால்தான் அளவு புரியும்.

காங்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை முதலில் தீர்மானிப்பது வெடிமருந்து அல்ல. குண்டின் எடையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்தால் ஒரு எண் வரும். அதுதான் முதல் விஷயம். அடுத்தது வேகம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் யங் 1990-களில் தொகுத்துக் கொடுத்த சமன்பாடு எல்லோருக்கும் கிடைக்கிறது. அதன்படி ஆழம், வேகத்தோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடும். எடை வகுத்தல் பரப்பு என்ற எண்ணோடு அதன் 0.7 அடுக்கில் கூடும். மூக்கின் வடிவமும் இலக்கின் தன்மையும் தனிக் காரணிகள்.

இப்போது இரண்டு குண்டுகளை எடுத்துக்கொள்வோம்.

பிஎல்யு-109: 2,000 பவுண்டு வகையின் துளைப்புக் குண்டு. சுமார் 874 கிலோ, 2.4 மீட்டர் நீளம், 368 மில்லிமீட்டர் விட்டம், ஒரு அங்குலச் சுவர், உள்ளே சுமார் 240 கிலோ வெடிமருந்து. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8,200 கிலோ வருகிறது.

பிஎல்யு-113: 5,000 பவுண்டு வகைக் குண்டான ஜிபியு-28இன் உடல். விட்டம் கிட்டத்தட்ட அதேதான், எடை மட்டும் இரண்டு டன். சதுர மீட்டருக்கு 18,600 கிலோ.

அதாவது 2.27 மடங்கு. 0.7 அடுக்குப் போட்டால் 1.77. ஒரே வேகத்தில் விழுந்தால் பெரியது சின்னதைவிட முக்கால் மடங்கு அதிக ஆழம் போகும். சின்னது அதை ஈடுகட்ட வேண்டுமானால் வேகத்தைத்தான் நம்ப வேண்டும். சாதாரணமாக நொடிக்கு 300 மீட்டரில் விழுகிற குண்டு 500 மீட்டரைத் தாண்டி விழ வேண்டும்.

கூடுதலாக நொடிக்கு 200 மீட்டர் என்பது ராக்கெட்டுக்குப் பெரிய வேலையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அப்புறம் பார்ப்போம்.

#3 ஏன்சார்

மேற்கோள்: "முக்கால் மடங்கு அதிக ஆழம்"

இரும்புக்கை சார், பிஎல்யு-109க்கு 1.2 முதல் 1.8 மீட்டர் வலுவூட்டிய காங்கிரீட் என்கிறார்கள். ஜிபியு-28ஐத் தண்டவாள வண்டியில் வைத்துச் சோதித்தபோது 6.7 மீட்டர் காங்கிரீட்டை ஊடுருவியது என்பதும் எல்லா இடத்திலும் இருக்கிறது. இது கிட்டத்தட்ட நாலு மடங்கு. உங்கள் 1.77 எங்கே நிற்கிறது?

#4 இரும்புக்கை

இரண்டு எண்களும் ஒரே காங்கிரீட்டைப் பற்றியவை அல்ல. 1.8 என்பது கையேட்டில் படைகளுக்குச் சொல்லும் பாதுகாப்பான கணக்கு. 6.7 என்பது ஒரு சோதனைப் பாளத்தில், நேர்க்கோணத்தில், வண்டி தள்ளிய வேகத்தில் கிடைத்தது. காங்கிரீட்டின் வலிமை, கம்பியின் அடர்த்தி, மோதும் கோணம் மூன்றும் மாறினால் ஆழம் எப்படியும் மாறும். ஒரே இலக்கில் ஒப்பிட்டால்தான் விகிதத்துக்கு அர்த்தம். "எத்தனை மீட்டர் துளைக்கும்" என்று தனியாக ஒரு எண்ணைச் சொல்லும் விளம்பரத்தை நான் எப்போதும் ஒரு சிட்டிகை உப்போடுதான் படிப்பேன்.

#5 பழையஏடு

ராக்கெட் வைத்த துளைப்புக் குண்டு புது யோசனை என்று யாராவது நினைத்தால், 1945க்குப் போங்கள்.

பிரிட்டிஷ் கடற்படையில் கேப்டன் எட்வர்ட் டெரல் வடிவமைத்த டிஸ்னி குண்டு. 4,500 பவுண்டு எடை, 5 மீட்டர் நீளம், துளைக்கும் உடலின் விட்டம் 280 மில்லிமீட்டர்தான். வால்பக்கம் 19 சிறு ராக்கெட் மோட்டார்கள். சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் கைவிட்டு, 1,500 மீட்டருக்கு இறங்கியதும் காற்றழுத்தத்தை வைத்து மோட்டார்கள் பற்றிக்கொள்ளும். மோதும்போது நொடிக்கு ஏறக்குறைய 440 மீட்டர். ஜெர்மன் படகுகளின் காங்கிரீட் கொட்டகைகளை உடைக்கத்தான் செய்தார்கள். முதல் தாக்குதல் 1945 பிப்ரவரியில், ஹாலந்தின் ஐமாய்டனில்.

அதே காலத்தில் பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் செய்த கிராண்ட் ஸ்லாம் குண்டு 22,000 பவுண்டு. அது வெறும் ஈர்ப்பில் விழுந்து நொடிக்கு 320 மீட்டரைத் தொட்டது. ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள டிஸ்னி அதைவிட நொடிக்கு 120 மீட்டர் வேகமாக விழுந்தது. நீள்வட்டம் கேட்கும் பேரம் அப்போதே நடந்துவிட்டது.

இதில் நமக்கு முக்கியமானது இன்னொன்று. டிஸ்னியைச் சுமந்தது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17. குண்டு நீளமாக இருந்ததால் விமானத்தின் குண்டறைக்குள் போகவில்லை. இரண்டு இறக்கைக்கும் கீழே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். முதலில் இடித்தது எது என்ற கேள்விக்கு 80 வருடம் முன்பே பதில் வந்துவிட்டது: நீளம்.

அப்புறம் பிரெஞ்சு டூரண்டால். ஓடுபாதையை உடைக்கும் சுமார் 200 கிலோ குண்டு. தாழப் பறந்து போடுவார்கள். முதலில் பாராசூட் பிடித்து வேகத்தைக் குறைத்து மூக்கைக் கீழே திருப்பும். பின்னர் ராக்கெட் அதைத் தரைக்குள் குத்தும். சோவியத்திலும் பெட்ஏபி-500ஷெபே என்று ராக்கெட் வைத்த காங்கிரீட் துளைப்பான் இருந்தது. இந்த இரண்டும் தாழப் பறக்கும் விமானத்துக்கானவை. உயரத்திலிருந்து கிடைக்கும் வேகம் இல்லாததை ராக்கெட்டால் ஈடு கட்டினார்கள். நம் பேச்சு அதற்கு எதிர்த்திசை. உயரமும் இருக்கிறது, அதற்கு மேல் ராக்கெட்டும் வேண்டும்.

#6 நீள்வட்டம்

அருமை பழையஏடு அண்ணா. டிஸ்னியின் குண்டறை விஷயம் தெரியாது.

சரி, நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தோராயம்தான், வடிவமைப்பு இல்லை.

நொடிக்கு 200 மீட்டர் கூட வேண்டும். அடர்த்தியான தாழ்வளியில் இழுவை தின்னும் என்பதால் 300 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் திட எரிபொருளில் வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்கு 2,300 மீட்டர் வாக்கில். ராக்கெட்டுக்கான சியோல்கோவ்ஸ்கி சமன்பாட்டில் போட்டால் மொத்த எடையில் 12 சதவீதம் எரிபொருள் வருகிறது. 900 கிலோவுக்கு சுமார் 110 கிலோ. 60 லிட்டர் சொச்சம். 36 சென்டிமீட்டர் குழாயில் அது 60 சென்டிமீட்டர் நீளம். உறை, மூக்குக்குழல், பற்றவைப்பான் எல்லாம் சேர்த்தால் ஒரு மீட்டரை நெருங்கும்.

இப்போது கூட்டுங்கள். உடல் 2.4, மோட்டார் 1, வழிகாட்டியும் துடுப்பும் 0.6. மொத்தம் 4 மீட்டர்.

பிஎல்யு-109 உடலில் வழிகாட்டி மாட்டிய ஜிபியு-31இன் மொத்த நீளம் சுமார் 3.8 மீட்டர். எஃப்-35இன் உள்ளே போகும் ஜேசோ என்ற சறுக்கிப் பறக்கும் குண்டு 4.1 மீட்டர். நார்வேயின் ஜேஎஸ்எம் ஏவுகணை 4 மீட்டர். ஆக 4 மீட்டர் என்பது மயிரிழையில் அடங்குகிறது!

எடையையும் பார்த்தேன். 874, எரிபொருள் 110, உறையும் வழிகாட்டியும் 100. சுமார் 1,080 கிலோ. ஏ, சி வகைகளின் உள்நிலையம் தாங்குவது 2,500 பவுண்டு, அதாவது 1,134 கிலோ. இதுவும் அடங்குகிறது. அப்படியானால் ஏன் இன்னும் யாரும் இதைப் படையில் சேர்க்கவில்லை?

#7 ஏன்சார்

நான் கேட்க நினைத்ததும் அதுவேதான். ஆனால் வேறு பக்கத்திலிருந்து.

எதை உடைக்கப் போகிறோம்? 2025 ஜூன் 22இல் ஈரானின் நிலத்தடி அணு நிலையமான ஃபோர்டோவின் மேல் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் 12 ஜிபியு-57 குண்டுகளைப் போட்டன. ஒவ்வொன்றும் 30,000 பவுண்டு, 6.2 மீட்டர் நீளம். அதற்கப்புறம் அமெரிக்க முப்படைத் தளபதிகளின் தலைவராக இருந்த ஜெனரல் கெய்ன் சொன்ன விவரத்தைப் பாருங்கள். இரண்டு காற்றுக்குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு குண்டு. முதலாவது மூடியைத் தூக்கியது. அடுத்த நாலும் அதே துளைக்குள் நொடிக்கு 1,000 அடிக்கு மேல் வேகத்தில் இறங்கின. ஆறாவது, முந்தையவற்றில் ஏதாவது தவறினால் ஈடுகட்ட.

மலைக்கு அடியில் இருப்பதை ஒரு போர் விமானத்தின் அறைக்குள் அடங்கும் எதுவும் தொடாது. ராக்கெட் வைத்தாலும் தொடாது. ஒரே துளைக்குள் அடுத்தடுத்து விழ வைக்கும் துல்லியம் இருந்தால், ராக்கெட் இல்லாமலேயே காரியம் நடக்கும். பிறகு எதற்கு இந்தச் செலவு?

#8 இரும்புக்கை

ஏன்சார், பங்கர் எல்லாம் ஃபோர்டோ இல்லை. உலகத்தில் இருக்கும் பெரும்பாலான காங்கிரீட் இலக்குகள் விமானக் கொட்டகைகள், கட்டளை அறைகள், ஏவுகணைக் கிடங்குகள். சில மீட்டர் காங்கிரீட், மேலே கொஞ்சம் மண். பிஎல்யு-109 அதில் சிலவற்றில் திணறுகிறது, ஜிபியு-28 திணறாது. இந்த இடைவெளிக்குத்தான் ராக்கெட் யோசனை. மலைக்காக அல்ல.

நீங்கள் சொன்ன "ஒரே துளையில் அடுத்தடுத்து" என்பது பி-2 சுமையில் சரி. எஃப்-35 கொண்டுபோவது மொத்தம் இரண்டு. நாலு விமானம் அனுப்பினால் எட்டு. பக்கத்தில் எதிரியின் வான்காப்பு விழித்திருக்கும்போது எட்டையும் ஒரே துளைக்குள் நேரம் தப்பாமல் இறக்குவது திட்டம் போடுகிறவருக்குத் தலைவலி. ஒவ்வொரு குண்டும் தனியாகவே போதுமானதாக இருந்தால் அது வேறு கதை.

நீள்வட்டம், உங்கள் கூட்டல் சரிதான். ஆனால் நீங்கள் கூட்டியது நேராகப் படுத்திருக்கும் ஒரு உருளையை. அறை நேரான பெட்டி இல்லை. கதவு உண்டு, கதவுக்குள்ளே ஆம்ராம் தொங்குகிறது, மேலே குழாய்களும் கம்பிகளும் ஓடுகின்றன. குண்டை விடும்போது அது சீராக, மூக்கு எங்கும் இடிக்காமல் கீழே இறங்க வேண்டும். எஃப்-35இல் அதைத் தள்ளுவது அழுத்தக் காற்று. நாலு மீட்டர் உடலின் எடைமையம் ராக்கெட்டால் எங்கே நகர்ந்ததோ அதற்கு ஏற்றபடி கொக்கிகளின் இடமும் சரியாக இருக்க வேண்டும். மயிரிழையில் அடங்குவது என்றால் அடங்காதது என்றுதான் விமானம் கட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

#9 சுழிக்காற்று

அறையின் வடிவம் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் நுழைகிறேன்.

விட்டம் முதலில் இடிக்காது என்று எல்லோரும் நினைப்பது உடலைப் பார்த்து. இடிப்பது துடுப்பு. பழைய ஸ்டெல்த் விமானமான எஃப்-117க்காக ஜிபியு-27 குண்டை ஏன் தனியாகச் செய்தார்கள்? உடல் பிஎல்யு-109தான். அதற்கு முந்தைய ஜிபியு-24 குண்டின் பெரிய துடுப்புகள் அந்த அறைக்குள் போகவில்லை, அவ்வளவுதான். ரஷ்யர்கள் சு-57 போர் விமானத்துக்காக கேஎச்-58 ஏவுகணையின் துடுப்புகளை மடக்கினார்கள். அமெரிக்கக் கடற்படை ரேடார் எதிர்ப்பு ஏவுகணையைப் புதுப்பித்தபோது நடு இறக்கைகளையே எடுத்துவிட்டு, உடலோடு ஒட்டிய நீளமான விளிம்புகளை வைத்தார்கள். அது எஃப்-35இன் உள்ளே போவதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

ராக்கெட் குண்டில் துடுப்பின் வேலை இன்னும் கூடும். வேகம் இரண்டு மடங்கு மாறுகிறது. எரிபொருள் தீரத் தீர எடைமையம் முன்னுக்கு நகர்கிறது. மோட்டார் எரியும்போது உந்துவிசை மையக்கோட்டிலிருந்து துளி விலகினாலும் மூக்கு ஒரு பக்கம் சாயும். இதையெல்லாம் சின்னத் துடுப்பு கட்டுப்படுத்த வேண்டும். மடிக்கும் துடுப்பு வைத்தால் கீல், பூட்டு, எடை, கூடுதல் நீளம். நீள்வட்டத்தின் 0.6 மீட்டரில் அது அடங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

#10 நீள்வட்டம்

அப்படியானால் உடலைச் சுருக்க வேண்டியதுதானே? டிஸ்னியைப் போல 280 மில்லிமீட்டருக்கு இறங்கினால்? பரப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைகிறது. எடையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் எடை வகுத்தல் பரப்பு கூடத்தான் செய்யும். ராக்கெட் தள்ள வேண்டிய பாரமும் குறையும். மோட்டாரும் சிறிதாகும்.

#11 இரும்புக்கை

இதைத்தான் பிஎல்யு-116இல் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிஎல்யு-109 மாதிரியே இருக்கும். உள்ளே ஒடுங்கிய, கெட்டியான எஃகு உடல். மேலே சும்மா ஒரு மெல்லிய உறை, பழைய வால்பகுதியும் பழைய கொக்கிகளும் பொருந்துவதற்காக. யோசனை அங்கேயே இருக்கிறது.

ஆனால் ஒடுக்கினால் போவது வெடிமருந்து. சுவர் தடிமனாகும், உள்வெளி சுருங்கும். பிஎல்யு-109இன் 240 கிலோ பாதிக்கும் கீழே போய்விடலாம். ஆழமாகப் போய் சின்னதாக வெடிப்பது நல்லதா என்பது இலக்கைப் பொறுத்தது. மூடிய அறைக்குள் 100 கிலோ வெடித்தாலே அங்கிருக்கும் கருவிகள் தீர்ந்தன. பெரிய சுரங்கக் கிடங்கில் அது போதாது.

#12 ஏன்சார்

சரி, ஒரு எதிர்வாதம். ஆழமாகப் போக வேகம் ஒன்றுதான் வழியா? ஜேசோ-சி ஏற்கெனவே எஃப்-35இன் உள்ளே போகிறது. அதில் ப்ரோச் என்று இரண்டடுக்கு வெடிப்பு உண்டு. முன்னால் இருக்கும் குழிவு வெடி காங்கிரீட்டில் ஒரு வழியைத் திறக்கும். பின்னால் வரும் குண்டு அந்த வழியாக உள்ளே போய் வெடிக்கும். பிரிட்டிஷ்-பிரெஞ்சு ஏவுகணையான ஸ்டார்ம் ஷாடோவிலும் இதே கருத்து. ஜெர்மானியர்களின் டாரஸ் ஏவுகணையில் இதே போன்ற மெஃபிஸ்டோ. ராக்கெட் வேண்டாம், அதிவேகம் வேண்டாம், அறைக்குள்ளும் போகிறது. முடிந்ததே வேலை!

#13 இரும்புக்கை

பாதி முடிந்தது. இரண்டடுக்கு வெடி மெதுவாக வரும் ஆயுதத்துக்கு நல்ல தீர்வு. அதனால்தான் அதைக் குரூஸ் ஏவுகணைகளிலும் சறுக்கிப் பறக்கும் குண்டுகளிலும் பார்க்கிறோம். அங்கே வேகத்துக்கு வழியில்லை. ஆனால் முன் வெடியின் குழி, பின்னால் வருகிற குண்டின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். அதனால் பின்குண்டு சின்னதாகவே இருக்கும். தடித்த காங்கிரீட்டுக்கு மேல் மண் மூடியிருந்தால், குழிவு வெடி தன் சக்தியைப் பெருமளவு மண்ணிலேயே செலவழித்துவிடும். கனமான எஃகு மண்ணைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஒன்றை ஒன்று விலக்கவில்லை. ஆனால் நீள்வட்டம் கேட்ட கேள்விக்கு இது மாற்று அல்ல.

#14 பழையஏடு

வேகத்துக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 500, 600 வரை எஃகு மூக்கு உருக்குலையாமல் போகும். ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது மூக்கே கரையத் தொடங்கும். தேய்ந்து மழுங்கும், உடல் வளையும், சாய்ந்து மோதியிருந்தால் முறியும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் ஆழம் கூடாது, சில நேரம் குறையும். அதனால் ராக்கெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் பலன் கிடையாது. இந்த விஷயத்தில் பெரிய மோட்டார் ஆசை வைக்கிறவர்களுக்கு இயற்கையே கடிவாளம் போடுகிறது.

உள்ளே இருக்கும் வெடிமருந்தும் பாவம். மோதும் கணத்தில் அது தாங்கும் முடுக்கம் ஈர்ப்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. அது தானே வெடிக்கக் கூடாது. வேகம் கூடினால் தாங்க வேண்டியதும் கூடும்.

#15 சுழிக்காற்று

ஃபியூஸ் (குண்டை எப்போது வெடிக்க வைப்பது என்று முடிவு செய்யும் கருவி) பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் இந்த ஆயுதத்தின் உயிர்நாடி.

நொடிக்கு 500 மீட்டரில் போகிற குண்டு இரண்டு மீட்டர் கூரையைக் கடப்பது மில்லி விநாடிக் கணக்கில். வெற்று அறைக்குள் அது இருக்கும் நேரமும் மில்லி விநாடிக் கணக்கில்தான். ஃபியூஸ் நிலையான தாமதத்தில் வெடித்தால், ஒன்று கூரையிலேயே வெடிக்கும், இல்லை தரைக்குக் கீழே போய் வெடிக்கும். இதற்காகத்தான் வெற்றிடத்தை உணரும் ஃபியூஸ் செய்தார்கள், எஃப்எம்யு-167. முடுக்கம் எப்போது குறைந்தது, எப்போது மறுபடி கூடியது என்று பார்த்து எத்தனையாவது தளத்தில் இருக்கிறோம் என்று எண்ணும். வேகம் கூடக் கூட அந்த எண்ணுகிற வேலைக்கு நேரம் குறையும், அதிர்ச்சி கூடும். ராக்கெட் வைக்கச் செலவழித்த காசைவிட ஃபியூஸை அந்த வேகத்தில் உயிரோடு வைக்கத்தான் அதிகம் செலவழியும் என்று என் எண்ணம்.

இன்னொன்று கோணம். மோதும் திசையும் உடல் நோக்கும் திசையும் சில டிகிரி விலகினால் போதும், நீளமான மெலிந்த உடல் உள்ளே போகும்போது வளையும். மெலியச் செய்தால் ஆழம் கூடும் என்று மேலே பேசினோம். அதே மெலிவுதான் வளைவுக்கும் காரணம். ராக்கெட் எரிந்து முடிந்த பிறகு உடலை நேராக நிறுத்த ஒரு சிறு அவகாசம் வேண்டும். கடைசி விநாடி வரை எரித்தால் அந்த அவகாசம் கிடைக்காது. சீக்கிரம் அணைத்தால் இழுவை வேகத்தைத் தின்றுவிடும்.

#16 நீள்வட்டம்

அப்போது எங்கே பற்ற வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு சந்தேகம். ராக்கெட் இருக்கிறதே, அதையே முதலில் எரித்து தூரம் போகலாமே? விமானம் வான்காப்புக்குள் நுழைய வேண்டாம். புதிதாக வரும் சியா (எஃப்-35க்காக நார்த்ராப் செய்யும் ஸ்டாண்ட்-இன் தாக்குதல் ஆயுதம்) மாதிரி.

#17 இரும்புக்கை

ஒரே எரிபொருளை இரண்டு முறை எரிக்க முடியாது தம்பி.

சியா, ரேடார் எதிர்ப்பு ஏவுகணையிலிருந்து வந்தது. அதன் ராக்கெட் பெரியது, போர்முனை சிறியது. ஏவியதும் எரியும், அதில் கிடைத்த வேகத்தையும் உயரத்தையும் வைத்து தூரம் போகும். நகரும் ஏவுகணை லாரிகள், ரேடார்கள் போன்றவற்றுக்கு அது சரி. பங்கருக்கான குண்டில் எடையில் பாதிக்கு மேல் எஃகு. அதைத் தூரம் தள்ள வேண்டும் என்றால் மோட்டார் இன்னும் ஒரு மீட்டர் நீளும். அறைக்குள் அந்த மீட்டர் இல்லை.

ஆகவே இது கிட்டத்தில் போய்ப் போடும் ஆயுதம். உயரமாக, வேகமாகப் போகிற விமானம் கைவிட்டால் கொஞ்ச தூரம் மிதந்து போகும், அவ்வளவே. ஸ்டெல்த் இங்கே ஆடம்பரம் அல்ல. விமானம் கிட்டே போக முடிவதால்தான் இப்படி ஒரு ஆயுதத்துக்கு அர்த்தமே வருகிறது. இஸ்ரேலின் ராம்பேஜ் எதிர்த்திசை. 4.7 மீட்டர், 570 கிலோ, எஃப்-16இன் இறக்கையில் தொங்கும், தூரத்திலிருந்தே ஒலியை மிஞ்சிப் போய் மோதும். அதை உள்ளறையில் வைக்க யாரும் முயலவில்லை. தென்கொரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஹியுன்மூ-5இல் எட்டு டன் போர்முனையைத் தரையிலிருந்து வீசுகிறார்கள். விமானமே வேண்டாம் என்ற பதில் அது.

#18 ஏன்சார்

அப்படியென்றால் நீள்வட்டத்தின் கடைசிக் கேள்விக்கு வருவோம். ஏன் இன்னும் படையில் இல்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 5,000 பவுண்டு வேண்டும் என்றால் எஃப்-15இ இருக்கிறது. 2021இல் ஜிபியு-72ஐ அதிலிருந்துதான் போட்டுப் பார்த்தார்கள். ஸ்டெல்த் வேண்டும் என்றால் பி-2, நாளைக்கு பி-21. வான்காப்பை முதல் நாட்களில் எஃப்-35 உடைத்துவிட்டால், அப்புறம் எஃப்-15 தாராளமாகப் போய்வரலாம். இந்த ராக்கெட் குண்டு தேவைப்படுவது அந்த முதல் சில நாட்களுக்கு மட்டும். அதற்கு அவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை. அதற்குள் பிஎல்யு-137 வந்துவிட்டது. பழைய 109இன் அளவிலேயே மேம்பட்ட உடல், புதுச் சான்றிதழ் வேலையைக் குறைக்கும் வெளிவடிவம்.

#19 பழையஏடு

ஏன்சார் சொல்வதோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1991 வளைகுடாப் போரின்போது ஜிபியு-28ஐ சில வாரங்களில் செய்தார்கள். வாட்டர்வ்லீட் படைக்கலச் சாலையில் கிடந்த பழைய எட்டு அங்குலப் பீரங்கிக் குழாய்களை வெட்டி, வெடிமருந்தை நிரப்பி, எஃப்-111 விமானத்தில் மாட்டி ஈராக்கின் அல்-தாஜியில் போட்டார்கள். ஏனென்றால் எஃப்-111 வெளியே தொங்கவிட்டுக் கொண்டு போகும். வடிவம் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உள்ளறை விமானத்தில் அந்த அவசர வேலை நடக்காது. ஒவ்வொரு புது வடிவத்துக்கும் கதவைத் திறந்து விட்டுப் பார்த்து, எல்லா வேகத்திலும் கோணத்திலும் பிரிவு சரியா என்று சோதித்து, விமானத்தின் மென்பொருளில் ஏற்றி முடிக்க வருடங்கள் ஆகும். ஸ்டெல்த்துக்குக் கொடுக்கும் விலையில் இதுவும் ஒன்று.

#20 நீள்வட்டம்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது கிடைத்த உருவம் இது: விட்டம் 280க்கும் 370க்கும் நடுவில், நீளம் 4 மீட்டருக்குள், எடை ஒரு டன்னைச் சுற்றி, மடக்குத் துடுப்பு, கடைசிச் சில விநாடிகள் எரிந்து சற்று முன்பே அணையும் மோட்டார், 500 முதல் 600க்குள் மோதும் வேகம். முதலில் இடிப்பது நீளம், அடுத்தது துடுப்பு, எடை மூன்றாவது.

பி வகைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? 1,000 பவுண்டில் இதே கணக்கைப் போட்டால்?

#21 சுழிக்காற்று

1,000 பவுண்டில் மோட்டாருக்கும் துடுப்புக்கும் கொடுத்தது போக மிஞ்சும் எஃகு 300 கிலோ வாக்கில்தான். அதை மெலிதாக்கி 200 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பிஎல்யு-109ஐ எட்டிப் பிடிக்கலாம், தாண்டவும் செய்யலாம். ஆனால் உள்ளே ஃபியூஸை வைத்தபிறகு வெடிமருந்துக்கு இடம் எங்கே? பி வகைக்காரர்கள் பக்கத்தில் பறக்கும் ஏ வகையைக் கூப்பிடுவதுதான் மலிவு.